எட்டாவது வாத்து

காலை மணி ஏழு பத்து. முதலில் கண்ணில் பட்டது, அச்சகத்து வாசலில் பின்பக்கம் காட்டி நின்ற லோடு ஆட்டோ. பத்து நாட்களுக்கு முன் மதுரைக்கு ஏற்றி அனுப்பிய புத்தகக் கட்டுகள், கட்டிய அதே சணல் கயிற்றோடு, ஒரே ஒரு கட்டு மட்டும் பிரிக்கப்பட்டு, அதில் திரும்பி வந்திருந்தன. மே மாதம், பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா என்னையும் சிவகாசியில் அவள் வேலை பார்த்த அந்த அச்சகத்துக்குக் கூட்டிப்போவாள். எனக்கு அப்போது ஏழு வயது. ஆட்டோவைப் பார்த்ததும் அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

கட்டுகளில் இருந்தது சின்னப் பிள்ளைகளுக்கான எண் புத்தகம். ஒன்று முதல் பத்து வரை, பக்கத்துக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு விலங்கு, விலங்குக்கு ஒரு வரி. "ஒன்று யானை ஊதுது குழல், இரண்டு குரங்கு தேடுது நிழல்" என்று தொடங்கும். "ஏழு எலிகள் ஏணியில் ஆடும், எட்டு வாத்து ஏரியைத் தேடும்" என்பது நடுப்பக்கத்தைத் தாண்டி வரும். எழுதியவர் பெயரோ, வரைந்தவர் பெயரோ அதில் கிடையாது. நினைவுகளில் வரும் புத்தகங்களை எல்லோரும் நெஞ்சில் அணைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அந்தப் புத்தகம் அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அதிலிருந்த பத்து விலங்குகளில் ஆறை எங்கள் தெருவில் யாரும் உயிரோடு பார்த்ததில்லை. வாத்தையும் பார்த்ததில்லை. எங்கள் கண்மாயில் ஐப்பசி மாதம் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே அது பேசப்படும் செய்தி. மற்ற மாதங்களில் அங்கே கருவேலம் முளைத்துக் கிடக்கும். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஏரியைத் தேடும் வாத்துகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. பெரிய தாளில் எட்டெட்டுப் பக்கமாக அச்சாகி வருவதை மடித்தால் அது ஒரு "பாரம்". இரண்டு பாரங்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து நடுவில் பின் அடித்தால் புத்தகம். அதன் பிறகு அது தங்கவேலின் கட்டிங் மிஷினுக்குப் போகும். அவர் அடுக்கி வைத்து, அளவு வைத்து, மூன்று பக்கமும் ஒரே சீராக வெட்டித் தள்ளுவார். கடைசியாக வருவது அம்மாவின் மேசை. அவள் கட்டைவிரலால் புத்தகத்தை ஒரு தட்டுத் தட்டி விரிப்பாள்; ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் வரிசையாக ஓடுகின்றனவா, எங்காவது வெள்ளைப் பக்கம் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். ஒரு புத்தகத்துக்கு மூச்சு விடும் நேரம்கூட ஆகாது. கட்டு சேர்ந்ததும் அதன்மேல் ஒரு சீட்டு வைத்து, அதில் "செ" என்று போடுவாள். செல்வி என்பது அவள் பெயர். அந்த மேசையில் உட்காருவதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அங்கிருந்த ஒன்பது பெண்களில் அது அவளுக்குத்தான் கிடைத்திருந்தது.

அந்த மேசை அவளுக்கு என்னவாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு அவள் நாரணாபுரத்தில் ஒரு "பட்டாசு ஆபீஸில்" இருந்தவள். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மருந்து அடைக்கும் அறையில் வேலை. அலுமினியத் தூள் நகக்கண்ணில் ஏறிக்கொண்டு, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாமல், கல்யாணப் படத்தில்கூட அவள் விரல்கள் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. பக்கத்து அறையில் நடந்த ஒரு விபத்தைப் பற்றி அவள் என்றும் பேசியதில்லை. அதன் பிறகு மருந்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து அச்சகத்துக்கு வந்தாள் என்று மட்டும் அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலையில் இருந்தார். வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருப்பார். அச்சகத்து மேசை போனால் அம்மாவுக்கு அடுத்த இடம் மருந்து அறைதான். இது அவளுக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். அன்று காலை அவர் பிரித்த கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து எட்டாம் எண்ணுக்கான பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். ஏழு வாத்துகள் இருந்தன. அடுத்த புத்தகத்திலும் ஏழு. மூன்றாவதிலும் ஏழு. மேலே கொட்டை எழுத்தில் எட்டு, கீழே எட்டு வாத்து என்று வரி, நடுவில் ஏழு வாத்து. எண்ணிக்கை கற்றுக்கொடுக்க வாங்கிய புத்தகத்தில் எண்ணிக்கை தப்பு என்று மதுரைக் கடைக்காரர் முழு லோடையும் திருப்பிவிட்டார். பிறகு அண்ணாச்சி கட்டுகளின் மேலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். எல்லாவற்றிலும் "செ".

அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்து, வாழ்க்கையில் முதன்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"நான் நம்பர் வரிசையப் பாத்தேன். வாத்த எண்ணணும்னு சொன்னீகளா அண்ணாச்சி?" என்றாள்.

யாரோ ஒருத்தி சிரித்தாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. வரைந்தவனே ஏழுதான் போட்டிருப்பான் என்று ஒருவர் சொன்னார். அச்சுப் பிளேட்டைப் பார்த்தால் தெரியும், ஆனால் பிளேட்டைத் தேய்த்து வேறு ஆர்டருக்கு எடுத்தாகிவிட்டது என்று இன்னொருவர் சொன்னார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். எட்டாவது வாத்து எங்கள் வீட்டில் இருக்கிறது என்றேன்.

அது உண்மை. வெட்டும்போது விழும் தாள் கீற்றுகளை ஒரு சாக்கில் அள்ளி, வேலை முடிந்து போகும் பெண்கள் அடுப்புப் பற்றவைக்க எடுத்துப்போவது வழக்கம். அம்மாவும் எடுத்து வருவாள். அந்தக் கீற்றுகள் சிலவற்றில் ஓரமாக ஒரு மஞ்சள் வாத்து இருந்தது. அடுப்புக்குப் போகுமுன் அதை மட்டும் கத்தரித்து ஒரு தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். நாற்பத்து மூன்று வாத்துகள். எல்லாம் ஒரே வாத்துதான். வரிசையில் கடைசியாகப் பின்தங்கி வருவது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. அது ஒரு புத்தகத்திலிருந்து விழுந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வாத்துகளைத் தனியாக அச்சடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அம்மா என்னை ஓடச் சொன்னாள். பத்து நிமிடத்தில் தீப்பெட்டியோடு திரும்பினேன். அண்ணாச்சி ஒரு வாத்தை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் பொருத்தினார். ஏழாவது வாத்தின் பின்னால் பாதியில் அறுந்து நின்ற தண்ணீர்க் கோடு, எட்டாவது வாத்தின் நெஞ்சில் போய்ச் சேர்ந்தது. அகலம் முக்கால் அங்குலம். எல்லோரும் திரும்பித் தங்கவேலைப் பார்த்தார்கள். தங்கவேல் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் கையிலிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எண் புத்தகத்தை வெட்டியதற்கு முதல் நாள் ஒரு கோயில் விழாப் புத்தகம் சின்ன அளவில் வெட்டினதாகவும், அந்த அளவு மிஷினில் அப்படியே நின்றுவிட்டதாகவும் மெல்லச் சொன்னார். மற்ற விலங்குகள் எல்லாம் பக்கத்தின் நடுவில் இருந்ததால் தப்பித்துக்கொண்டன. வாத்துகள் மட்டும் ஓரம் வரை நீந்தி வந்திருந்தன.

இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். யார் தப்பு என்று தெரிந்துவிட்டது, அந்த ஆளைத்தான் போகச் சொல்வார்கள். ஏழு வயதில் எனக்கு அவ்வளவு கணக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சி அந்த வாத்தைப் பக்கத்திலிருந்து எடுத்தார். பிறகு அதைத் தீப்பெட்டிக்குள் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"வெட்டுனது தங்கவேலு. சரி. பாத்துச் சீட்டு வச்சது நீதானம்மா?" என்றார். பிறகு, "சீசன் முடியட்டும், பாப்போம்" என்றார்.

அவர் கத்தவில்லை; முகத்தில் கோபம்கூட இல்லை. பள்ளிக்கூடம் திறக்குமுன் புத்தக ஆர்டர் குவியும் மே மாதத்தில் கட்டிங் மிஷினுக்கு ஆள் கிடைக்காது. எண் வரிசை பார்க்க எந்தப் பெண்ணும் கிடைப்பாள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். காலை எட்டரை மணிக்கு நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். சாப்பாடு சூடாகவே இருந்தது.

தங்கவேலின் வேலை போகவில்லை. ஆனால் ஒன்பது பெண்கள் முன்னால் ஒரு சின்னப் பிள்ளை அவர் தப்பைத் தீப்பெட்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டது. அவர் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். பேச வேண்டியதை எல்லாம் அவர் மனைவி பேச்சியம்மாள் பேசினாள். இடம் தெருக் குழாய்; தண்ணீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள். அம்மா நான்கு குடத்தை வரிசையில் வைத்ததும் அவள் தொடங்குவாள்.

"வாத்து எண்ணத் தெரியாட்டியும் கொடம் எண்ணத் தெரியுது பாத்தீகளா. அம்புட்டுக் கொடமும் ஒரே வீட்டுது."

அம்மா குழாயைப் பார்த்துக்கொண்டே, "வெட்டத் தெரியாதவுக வீட்டுல பேச்சு மட்டும் அளவாத்தான் வருது" என்பாள்.

இருவரும் மதினி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். புளியும் தீக்குச்சியும் சுவருக்கு மேலே கைமாறியது உண்டு. ஒரே வாரத்தில் அந்தச் சுவருக்கு மேல் உடைந்த கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். பெரியவர்களை விடப் பிள்ளைகள் வேகமானவர்கள். "எட்டு வாத்து ஏரியைத் தேடும், எட்டாவதத் தேடி செல்வி ஓடும்" என்று ஒரு வரி தெருவில் பிறந்தது. அசல் புத்தகத்தில் இருந்த எந்த வரியையும் விட அது நன்றாக இருந்தது. பெரிய மனுஷியைப் பெயர் சொல்லிப் பாடும் துணிச்சலைத் தெருவே ரசித்தது. அதைப் பாடியவர்களில் பேச்சியம்மாளின் மகள் மாரியும் உண்டு. மாரி என் வகுப்பு. அதுவரை நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு.

அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நாரணாபுரம் வேன் தெருமுனைக்கு வந்தது. அம்மா ஏறினாள். சாயங்காலம் வந்தவள் வாசலிலேயே நின்று மூன்று முறை கை கழுவினாள். நான்காவது முறை நான் தண்ணீர் ஊற்றினேன். நகக்கண்ணில் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. அவள் அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். அவள் என்னிடம், அச்சகத்தில் நான் பேசினது தப்பு என்றோ சரி என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போதும் கையால் பிசைந்து என் தட்டில் வைக்கும் சோற்றை மட்டும், அன்று கரண்டியால் வைத்தாள்.

திரும்பி வந்த லோடை அண்ணாச்சி எறிந்துவிடவில்லை. ஒற்றை வாத்தைப் பசைத் தாளில் தனியாக அச்சடித்து, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்று ஒட்டச் சொல்லிவிட்டார். ஓரத்தில் இடம் இல்லாததால், ஆறாவது வாத்துக்கு மேலே, கரையில் புல் இருக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஏழு வாத்து தண்ணீரில் போகும், எட்டாவது கரையில் நின்று பார்க்கும். வீட்டில் வைத்துச் செய்கிற அந்த வேலையை அவர் கொடுத்தது பேச்சியம்மாளுக்கு. அவள் வீட்டு முன் கட்டிலில் கட்டுகள் இறங்கின. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு புத்தகமும் தெரியும். பேச்சியம்மாள் ஒட்டுவாள், மாரி பக்கத்தைத் திறந்து கொடுப்பாள். யாராவது தெருவில் போனால் பேச்சியம்மாள் சத்தமாக எண்ணுவாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." எட்டு வரை எண்ணி, எங்கள் வாசலைப் பார்த்து நிறுத்துவாள்.

நான் செய்ததை விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியாது என்று பெரியவர்கள் சொல்வது அவர்கள் வசதிக்காக. எனக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது: அந்தக் கட்டிலில் இருக்கும் வேலை அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். பகல் இரண்டு மணிக்கு, வெயிலில் தெரு காலியாக, பேச்சியம்மாளும் மாரியும் உள்ளே படுத்திருந்தபோது, என் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டில் ஆறிக் கிடந்த கஞ்சியைத் தொட்டு, கட்டி முடித்த கட்டின் நடுவிலிருந்து புத்தகங்களை உருவி, கரையில் தனியாக நின்ற வாத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வாத்தை ஒட்டினேன். பதினோரு புத்தகம். நேராக, அழகாக ஒட்டினேன். பேச்சியம்மாள் ஒட்டியதை விட என் வாத்துகள் நேராக இருந்தன.

அச்சகத்தில் அப்போது எல்லோருமே வாத்து எண்ணத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சியின் ஆள் சைக்கிளில் வந்தான். எட்டாம் எண்ணின் பக்கத்தில் ஒன்பது வாத்து இருக்கும் புத்தகத்தைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, மிச்சக் கட்டுகளை அன்றே ஏற்றிக்கொண்டு போனான். திட்டினானா என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் போன பிறகு கேட்டதெல்லாம் சுவர் வழியாகக் கேட்டது. பேச்சியம்மாள் மாரியைக் கேட்டாள். தான் ஒட்டவில்லை என்றாள் மாரி. விளையாட்டுக்குத்தான ஒட்டுனே, ஒத்துக்கோ என்றாள் பேச்சியம்மாள். மாரி இல்லை என்றாள். அந்த வீட்டில் வாத்தைத் தொட்டவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி பேச்சியம்மாள். அவள் கணக்கில் மிச்சம் ஒருத்திதான். அடுப்படியிலிருந்து இரும்பு ஊதாங்குழலை எடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. மாரி முகத்தை மறைக்க இடது கையைத் தூக்கியிருக்கிறாள்.

அம்மா அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு அவர்கள் வாசலுக்குப் போனாள்.

"பிள்ளையப் போட்டு அடிக்காதீக மதினி."

பேச்சியம்மாளின் குரல் தெருவுக்கே கேட்டது: "ஒம் பிள்ள வாயத் தொறந்துதான் எங்க மானம் போச்சு. எம் பிள்ளய நான் அடிச்சுக்கிறேன். நீ போ."

அம்மா வந்துவிட்டாள். நான் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அச்சகத்தில் யாரும் கேட்காமலேயே வந்த வார்த்தை, அப்போது வரவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாடத்தில் இருந்த தீப்பெட்டியை எடுத்தாள். அதைத் திறக்கவும் இல்லை, குலுக்கிப் பார்க்கவும் இல்லை. அடுப்பில் போட்டுவிட்டு, உலைக்கு அரிசி களைந்தாள்.

ஜூன் மாதம் பேச்சியம்மாளும் அதே நாரணாபுரம் வேனில் ஏறத் தொடங்கினாள். தங்கவேலின் சம்பளம் மட்டும் அந்த வீட்டுக்குப் போதவில்லை. ஆபீஸில் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். ஓர் அறைக்கு நான்கு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். அந்த நான்கில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாதவர்கள். எங்கள் தெருவில் அதை வைத்துக் கொஞ்சநாள் சிரித்தார்கள், பிறகு அதுவும் பழகிப்போனது. அம்மா பத்தொன்பது ஆண்டுகள் அந்த வேனில் போனாள்.

இப்போது அந்த அச்சகம் இல்லை. கட்டடத்தை இடித்து, லாரி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். மடிப்பதும் அடுக்குவதும் பின் அடிப்பதும் வெட்டுவதும் ஊரில் இன்று ஒரே மிஷினின் நான்கு முனைகள். பக்கம் தப்பினால் அதுவே நின்றுவிடும். தெருக் குழாய் இல்லை, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது. தங்கவேல் இறந்துவிட்டார். எண்களையும் விலங்குகளையும் பிள்ளைகள் கைபேசியில் தட்டித் தட்டிக் கற்கிறார்கள். அதில் வாத்து தப்பாக இருந்தால் யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தின் ஒரு பிரதிகூட எங்கள் வீட்டில் கிடையாது. வாங்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

போன மாதம் விருதுநகர் பேருந்து நிலையத்தில் மாரியைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே வத்தல் மண்டியில் வேலை. அவளாகத்தான் வந்து பேசினாள். அம்மா எப்படி இருக்கிறாள், நான் எங்கே இருக்கிறேன், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். பதில் சொன்னேன். அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை, மற்றபடி சௌகரியம் என்றாள். பழைய சண்டையைப் பற்றி அவளே பேச்செடுத்து, "ஒரு வாத்துக்கு எம்புட்டு அக்கப்போரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஒன்பதாவது வாத்தை ஒட்டியது யார் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சிவகாசி பேருந்து வந்தது. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள். அவளுடைய இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது.